முப்பத்தேழாம் பக்கத்து முத்திரை

ஒவ்வொரு நூலகத்துக்கும் ஒரு ரகசியப் பக்கம் உண்டு. வாசகர்கள் பலருக்கு இது தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பெயரே. தலைப்புப் பக்கத்தில் முத்திரையும் வரிசை எண்ணும் இருப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். புத்தகத்தைச் சுருட்ட நினைக்கிற ஆசாமி அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இது என் சொந்தப் புத்தகமாக்கும் என்று தலையிலடித்துச் சத்தியம் செய்வான். நூலகர் அலட்டிக்கொள்ளாமல் உள்ளே ஒரு பக்கத்தைத் திருப்புவார். அங்கேயும் அதே முத்திரையும் எண்ணும் இருக்கும். ஆசாமியின் முகம் செத்துப்போகும்.

கொற்றன்விளை கிளை நூலகத்தில் அது முப்பத்தேழாம் பக்கம். இருபத்தெட்டு வருஷமாக அதைக் குத்தி வருகிறவள் சண்முகவடிவு. இடதுகைக்காரி என்பதால் அவள் முத்திரை எப்போதும் இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். வட்டத்தின் அடியில் ஒரு சின்ன உடைசல் வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கீழே விழுந்து ரப்பர் பெயர்ந்துவிட்டது. புது முத்திரை கேட்டு எழுதிப் போடணும் என்று சொல்லிச் சொல்லியே இருபத்தேழு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

அந்த உடைசல்தான் ஒரு வியாழக்கிழமை காலையில் அவளைக் கதிகலங்க வைத்தது.

பத்து மணிக்குக் கதவைத் திறந்ததுமே இசக்கியம்மாள் வந்துவிட்டாள். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள், ஐம்பத்தெட்டு வயது, கையில் ஒரு தூக்குச்சட்டி.

"லைப்ரரியம்மா, முந்திரிக்கொத்து கொண்டாந்திருக்கேன். மொதல்ல வாயில போடுங்க, பெறகு பேசுவோம்."

"என்னக்கா விசேஷம்?"

"ஞாயித்துக்கிழமை மக வயித்துப் பேரனுக்குப் பேரு வைக்கோம். நீங்க வராம நான் புள்ளையத் தொட்டில்ல போடமாட்டேன், ஆமா."

"என்ன பேரு?"

"வேலாண்டி." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. இசக்கிக்கு நாலு வயதாக இருக்கும்போது வீட்டை விட்டுப் போன அப்பன்தான் வேலாண்டி. போனவன் போனவன்தான். தாய் மாடத்தி உப்பளத்தில் பெட்டி சுமந்து மகளை ஆளாக்கினாள். சாகும்வரை அந்தப் பெயரைத் தானும் சொல்லவில்லை, மகளையும் சொல்ல விடவில்லை. இசக்கியின் பள்ளிக்கூடச் சான்றிதழில் இருந்த 'வே.' என்ற ஒற்றை எழுத்துதான் அந்த மனிதன் மிச்சம் வைத்துவிட்டுப் போனது.

இன்னொன்றும் இருந்தது என்று ஊரில் சொல்வார்கள். உப்பளத்தில் பாட்டுக்கட்டித் திரிந்த வேலாண்டி, போவதற்கு முந்தின வருஷம் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்தானாம். 'பாத்தி எண் பதினேழு' என்று பெயராம். யாரும் கண்ணால் கண்டதில்லை. அதில் தன்னைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருப்பானா, ஏன் போனான் என்று சொல்லியிருப்பானா என்பதுதான் இசக்கிக்கு ஆயுசு முழுக்க இருந்த ஒரே கேள்வி. வடிவும் மாவட்டத்து நூலகங்களுக்கெல்லாம் எழுதிக் கேட்டு ஓய்ந்துவிட்டாள். கடைசியில் எட்டு மாதத்துக்கு முன்னால் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது 'தேடி'.

தேடியைப் பற்றிச் சொல்லவேண்டும். அது பீரோ உயரத்தில் ஓர் இயந்திரம். நூலகத்துப் புத்தகங்களையெல்லாம் பக்கம் பக்கமாகப் படித்து வயிற்றில் வைத்திருக்கிறது. வாய்விட்டுக் கேட்டால் தேனொழுகப் பதில் சொல்லும். புத்தகமாக வேண்டுமென்றால் பத்து நிமிஷத்தில் அச்சடித்து, ஒட்டி, சூடாகக் கையில் கொடுக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அது வந்து இறங்கியபோது கூடவே ஓர் உத்தரவும் வந்தது: ஆறு மாதத்துக்குள் இதைப் பழக்கிக் காட்டித் தேர்வு எழுதாத நூலகர்கள் மாவட்ட மையத்துக்குப் போய்ச் சிப்பம் கட்டவேண்டும். செல்போனில் படம் அனுப்பவே மகளிடம் ஏச்சு வாங்கும் வடிவு மிரண்டு போனாள். ஆனால் ரோஷக்காரி. விழுந்து விழுந்து படித்து மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தாள். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு அவள் நடந்த நடையே வேறு.

"இந்தாங்க," இசக்கி, தேடி அச்சடித்துக் கொடுத்த அந்தப் புத்தகத்தை நீட்டினாள். "இதுக்கு ஒரு கெட்டி அட்டை போட்டுத் தாங்க. நாளான்னைக்கு வந்து வாங்கிக்கிடுதேன். தொட்டில் பக்கத்துல வைக்கணும். எங்கப்பாவை நான் மன்னிச்சுட்டேன் லைப்ரரியம்மா. எம்மேல இம்புட்டு உசுர வச்சிருந்த மனுசன, அம்பது வருசமா கரிச்சுக் கொட்டியிருக்கேன் பாருங்க."

அவள் போன பிறகு வடிவு புத்தகத்தைப் புரட்டினாள். பழக்க தோஷம், கை தானாக முப்பத்தேழாம் பக்கத்துக்குப் போனது. இடப்பக்கம் சாய்ந்த முத்திரை. அடியில் உடைசல். எண் 18,733.

புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தாள்.

தேடி அச்சடிக்கிற பிரதிகளில் முத்திரை தெரிவது வழக்கம்தான். மூலப் புத்தகத்தில் இருப்பது அப்படியே படத்தில் வரும். ஆனால் இந்தப் புத்தகத்தின் மூலப் பிரதி இந்த நூலகத்தில் என்றைக்குமே இருந்ததில்லையே! வேறு நூலகத்திலிருந்து வந்ததென்றால் அந்த நூலகத்து முத்திரை அல்லவா, அவர்கள் ரகசியப் பக்கத்தில் அல்லவா இருக்கவேண்டும்? வடிவு பதிவேட்டை எடுத்துக் கடைசி வரியைப் பார்த்தாள். 18,422. தேடி வந்தபிறகு ஒரு புத்தகம்கூட வாங்கவில்லை. அப்படியானால் முந்நூற்றுச் சொச்சம் எண் தள்ளி, தான் குத்தாத முத்திரையை, தன் கைச் சாய்வோடு குத்தியது யார்?

வடிவு போன் போட்டதில் மதியம் பெனிட்டா வந்தாள். மாவட்டத்துத் தேடிகளையெல்லாம் கவனிக்கும் பொறியாளர். முப்பது வயது, பேச்சில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். திரையில் அரைமணி நேரம் துழாவியதும் அந்தச் சிரிப்பைக் காணோம்.

"மேடம், உங்க பதிவேட்டுல இல்லாத புத்தகம் அறுநூத்திப் பதினொண்ணு இருக்கு."

"எங்கிருந்து வந்துச்சு?"

"எங்கிருந்தும் வரல. இதுவே எழுதியிருக்கு."

"எழுதியிருக்குன்னா? முத்திரை?"

"அது படிச்சது பூரா உங்க புத்தகம்தான மேடம். பதினெட்டாயிரம் புத்தகத்துலயும் முப்பத்தேழாம் பக்கத்துல சாஞ்ச முத்திரை, உடைஞ்ச வட்டம். மனுசன்னா மூக்கு இருக்கும்ங்கிற மாதிரி, புத்தகம்னா இது இருக்கும்னு அதுக்குப் பட்டிருக்கு. யாரையும் ஏமாத்தணும்னு போடல. மூக்கு வரைஞ்ச மாதிரி வரைஞ்சிருக்கு."

"சரி, எதுக்கு எழுதணும்? இல்லைன்னு சொல்லிட்டுப் போகவேண்டியதுதான?"

பெனிட்டா தயங்கினாள். "ஆரம்பத்துல சொல்லியிருக்கு மேடம். அது 'இல்லை'ன்னு சொன்ன ஒவ்வொரு தடவையும் யாரோ சிவப்புப் பொத்தானை அமுக்கி, தப்பான பதில்னு குறிச்சிருக்காங்க. நானூத்திப் பதினெட்டு தடவை. அப்படிக் குறிச்சா அது என்ன கத்துக்கும்? இல்லைன்னு மட்டும் சொல்லிடாதேன்னு கத்துக்கும்."

யாரோ என்ன யாரோ! இந்த நூலகத்தில் அந்தப் பொத்தானைத் தொடுகிற விரல் ஒன்றே ஒன்றுதான். அது வடிவுடையது.

"கையேட்டுல அப்படித்தானேம்மா போட்டிருந்துச்சு! ஏழாம் பாடம். வாசகரை வெறுங்கையோடு அனுப்பும் பதில் தவறான பதில், சிவப்பில் குறிக்கவும்னு. அதைப் படிச்சதும் எனக்கு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா? இருபத்தெட்டு வருசமா நான் செஞ்சதும் அதுதான. ஒரு ஆளைக்கூட நான் இல்லைன்னு சொல்லி அனுப்பினது கெடையாது. இருங்க, தேடிப்பாக்கேன், நாளைக்கு வாங்க, எழுதிக் கேக்கேன், இப்படித்தான் சொல்லுவேன்."

"எந்தக் கையேடு மேடம்?"

"பரீட்சைக்கு மையத்துல போட்டது. தேடிதான் அச்சடிச்சுக் குடுத்துச்சு."

"மையம் கையேடே போடலையே. போடுதோம் போடுதோம்னு சொல்லிக் கடைசி வரைக்கும் போடல."

வடிவு மேசை இழுப்பறையிலிருந்து அதை எடுத்தாள். 'நூலகர்களுக்கு எளிய கணினிப் பாடம்'. ஓரமெல்லாம் மடங்கி, பென்சில் கோடு நிறைந்து, எண்ணெய்ப் பிசுக்கேறிய புத்தகம். இதைத் தலைமாட்டில் வைத்துத்தான் ஆறு மாதம் தூங்கினாள். பெனிட்டா வாங்கி முப்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பினாள்.

சாய்ந்த முத்திரை. எண் 18,423.

அறுநூற்றுப் பதினொன்றில் முதலாவது அது. பெனிட்டா முதல் நாள் பதிவை ஓடவிட்டாள். இயந்திரத்துக்குள்ளிருந்து வடிவின் குரலே வந்தது, இரண்டு வருஷத்துக்கு முந்தின, பயந்துபோன குரல்: "என்னை மாதிரி ஒண்ணுந்தெரியாதவளுக்குப் புரியுத மாதிரி ஒரு புத்தகம் இருக்கா?" தேடி, இல்லை என்றது. சிவப்பு. மறுபடி கேட்டாள். இல்லை. சிவப்பு. ஆத்திரத்தில் பதினேழு முறை அமுக்கியிருக்கிறாள். பதினெட்டாம் முறை தேடி சொன்னது: "இதோ இருக்கிறது."

"இதுல என்ன தப்பு இருக்கு?" வடிவு கேட்டாள்.

பெனிட்டா பக்கங்களைப் புரட்டினாள். "தொண்ணூறு பங்கு சரியாத்தான் இருக்கு மேடம். அதான் பயமா இருக்கு. மிச்சம் பத்து பங்கு, நீங்க என்ன கேக்க ஆசைப்பட்டியளோ அது."

"ஐயோ பெனிட்டா! இதை ஒன்பது நூலகத்துல வாங்கிப் படிச்சாங்களே. நாந்தானம்மா பெருமையாக் குடுத்தேன்!"

பெனிட்டா செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அவள் ஒவ்வொரு நூலகமாக அழைப்பது உள்ளே கேட்டது. அவள் செல்போனிலேயே முடக்கியதும் தேடியின் முகப்பு விளக்கு அணைந்தது. வடிவு இசக்கியின் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் ஒன்பதாம் பக்கத்தில் இருந்த பாட்டு, இசக்கி சொல்லிச் சொல்லி அவளுக்கே மனப்பாடம்.

ஒரு கால் சுடும், மறு கால் ஆறும்
மாற்றி மாற்றி நிற்கிறாய்
என் கொக்குக்குஞ்சே
உன் இரண்டு காலுக்கும் நிழல் தேடித்தான்
நான் போகிறேன்

பெனிட்டா திரும்பி வந்ததும் கேட்டாள்: "அவுக அப்பா கூப்பிடுத பேரு இதுக்கு எப்படித் தெரியும்?"

"இசக்கியம்மாளே சொல்லியிருக்காங்க மேடம். இந்தப் புத்தகம் வாரதுக்கு முந்தி ஒன்பது மாசமா வாரத்துக்கு மூணு நாள் இதுகிட்ட உக்காந்து பேசியிருக்காங்க. சின்னப் புள்ளையில உப்புப் பாத்தியில கால் சுட்டு ஒத்தக்கால்ல நிப்பாங்களாம். அப்பா அப்படிக் கூப்பிட்டதா அவங்கம்மா ஒரே ஒரு தடவை வாய்தவறிச் சொன்னாங்களாம். எல்லாம் பதிவுல இருக்கு. புத்தகத்துல இருக்கிறது முக்காவாசி அவங்க பேசினதுதான்." செல்போனைப் பையில் போட்டபடி சொன்னாள்: "இன்னொண்ணு இருக்கு. கேட்டா ஏசுவிய."

"சொல்லு."

"நெச 'பாத்தி எண் பதினேழு' ஒண்ணு இருந்திருக்கு. உப்பூரணி கிளையில. நீங்க எழுதிக் கேட்டதுக்கு, இருக்குன்னு போன மாசம் தேடிக்குப் பதில் வந்திருக்கு. தேடி அதைப் பாத்துட்டு, புத்தகம் ஏற்கெனவே வாசகருக்குக் கிடைச்சுட்டுதுன்னு மூடியிருக்கு. கணினியில பிரதி இருக்குன்னா காகிதப் பிரதியைக் கழிச்சிரலாம்ங்கிறது விதி. கழிச்சுட்டாங்க. இப்ப மையத்துக் கிட்டங்கியில மூட்டையில கிடக்கு. திங்கக்கிழமை கூழாலைக்கு லாரி."

பொய்யாக ஒரு புத்தகம் இருந்ததால் மெய்யான புத்தகம் கூழாகப் போகிறது! இருபத்தெட்டு வருஷ வேலையில் இப்படியொரு அநியாயத்தை வடிவு கேள்விப்பட்டதில்லை. அதையும் தன் கையாலேயே செய்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கே கிட்டங்கியில் நின்றார்கள். நாற்பது மூட்டை. தூசியில் தும்மித் தும்மி இருபத்தாறாவது மூட்டையில் அகப்பட்டது. உள்ளங்கை அகலம், நாற்பத்தெட்டுப் பக்கம், துருப்பிடித்த கம்பித் தையல். உப்பூரணிக்காரர்களின் ரகசியப் பக்கம் இருபத்தொன்று. அங்கே ஊதா மையில் மங்கலாக முத்திரை இருந்தது. வடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நின்றபடியே முன்னுரையைப் படித்தாள்.

"வீடில்லை எனக்கு. பெண்டு பிள்ளை என்னும் பாரமில்லை. அன்று முதல் இன்று வரை தனிமரம். பாத்தியே என் குடும்பம், பாட்டே என் பிள்ளை."

"என்ன மேடம்? முகம் ஏன் இப்படிப் போச்சு?"

வடிவு புத்தகத்தை நீட்டினாள். பெனிட்டா படித்துவிட்டு, "அடப்பாவி மனுசா" என்றாள். இதை எழுதிய வருஷத்தில் இசக்கிக்கு மூன்று வயது. அதே வீட்டில், அவன் போட்ட சோற்றுத் தட்டைத் தட்டிக்கொண்டு திரிந்திருப்பாள்.

அன்றைக்கு முழுக்க வடிவுக்குச் சோறு இறங்கவில்லை. சொல்லாமல் விட்டால் என்ன? பொய்ப் புத்தகத்துக்கு நல்ல அட்டை போட்டுக் கொடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாக முடிந்துவிடும். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனுஷிக்கு அப்பன் கிடைத்திருக்கிறான்; அவனைப் பிடுங்குவதற்கு நான் யார்? ஆனால் அந்தப் பெயரைத்தானே பச்சைப் பிள்ளையின் காதில் மூன்று முறை சொல்லப்போகிறார்கள்!

சனிக்கிழமை இசக்கி சிரித்த முகத்தோடு வந்தாள். "அட்டை போட்டாச்சா?"

"உக்காருங்கக்கா," என்றாள் வடிவு. ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோனது. முத்திரையில் ஆரம்பித்து, கையேடு, சிவப்புப் பொத்தான் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் செய்ததையும் மறைக்கவில்லை.

இசக்கிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. "சும்மா இருங்க லைப்ரரியம்மா. கொக்குக்குஞ்சுன்னு மிஷினுக்குத் தெரியுமாக்கும்?"

"நீங்கதான் சொன்னியக்கா. கார்த்திகை மாசம், மழை அடிச்சு ஊத்தின அன்னைக்கு."

இசக்கி தேடி நின்ற மூலையைப் பார்த்தாள். விளக்கு அணைந்து, கறுப்பாக நின்றது. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனதென்றே தெரியவில்லை.

"அப்ப நெசப் புத்தகம்?"

வடிவு அந்தச் சின்னப் புத்தகத்தை மேசையில் வைத்தாள். இசக்கி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்னுரையை எழுத்துக்கூட்டுகிறவள் மாதிரி மெதுவாகப் படித்தாள். பிறகு விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?"

"இல்லக்கா."

"எங்கம்மா?"

"இல்ல."

இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வாசகியிடம் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

இசக்கி ஓங்கி மேசையில் அறைந்தாள். "மூணு வயசுப் புள்ளைய மடியில வச்சுக்கிட்டா இதை எழுதியிருக்கான்? தனிமரமாம்லா தனிமரம்! எங்கம்மா தலையில பெட்டி சுமந்து சுமந்து உச்சி மயிரு உதிர்ந்து செத்தா!" நெஞ்சு ஏறி இறங்க, அழுகையும் ஏச்சுமாக நெடுநேரம் கொட்டினாள். நாளிதழ் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். வடிவு தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அழுது ஓய்ந்ததும் இசக்கி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சொல்லாம விட்டிருக்கலாம்லா?"

"விட்டிருக்கலாம்."

"ஏன் சொன்னிய?"

"நாளைக்குப் புள்ள காதுல சொல்லப்போறியளேக்கா."

இசக்கி மற்றப் புத்தகத்தை, பொய்ப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இதுல உள்ளது நான் பேசினதுதானா?"

"முக்காவாசி நீங்க பேசினதுதான். அது அடுக்கி வச்சிருக்கு. நீங்க கேக்க ஆசைப்பட்டதைச் சேத்திருக்கு."

"அப்ப எங்கப்பன் எழுதினது இல்ல."

"இல்ல."

"நான் ஆசைப்பட்ட அப்பன், நான் பேசின பேச்சு. அப்ப இது யாரு புத்தகம்?" பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. "உங்க நோட்டை எடுங்க லைப்ரரியம்மா. எழுதுங்க."

வடிவு திகைத்துப் போனாள். இது எந்த விதியில் வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் பதிவேட்டைத் திறந்து, 18,422க்கு அடுத்த வரியில் பேனாவை வைத்தாள். முப்பத்தேழாம் பக்கத்துப் பொய் முத்திரையைச் சிவப்பு மையால் அடித்தாள். இழுப்பறையிலிருந்து மெய்யான முத்திரையை எடுத்துப் பக்கத்திலேயே குத்தினாள். அதுவும் இடப்பக்கம்தான் சாய்ந்தது.

"தலைப்பு?"

"கொக்குக்குஞ்சு."

ஆசிரியர் பெயர்க் கட்டத்தில் வடிவின் கை பழக்கத்தில் 'வே.' என்று எழுதிவிட்டது. உறுப்பினர் அட்டையில் அப்படித்தானே இருபது வருஷமாக இருக்கிறது. இசக்கி விரலை நீட்டி அந்த எழுத்தை மூடினாள்.

"அது யாரு?"

வடிவு நிமிர்ந்து பார்த்தாள்.

"அடிச்சிருங்க. 'மா'ன்னு போடுங்க. மாடத்தி மக இசக்கியம்மா."

வடிவு அடித்துவிட்டு எழுதினாள். இசக்கி மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள். வேலாண்டியின் புத்தகத்தை அவள் தொடவில்லை. அது மேசையிலேயே கிடந்தது. வாசல் வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள்.

"நாளைக்கு மறக்காம வந்துருங்க லைப்ரரியம்மா. என்ன பேருன்னு எனக்கே இன்னும் தெரியல. எம்மக கிட்டத்தான் கேக்கணும்."